பச்சை அட்டை நோட்டு

செல்லூர்,
11-6-1979

மதிப்பிற்குரிய ஓவர்சியர் சொக்கநாதன் அய்யா அவர்களுக்கு, தண்ணீர்த் தொட்டி சின்னத்தாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். மாற்றலாகிப் போன உசிலம்பட்டியில் தண்ணீர் உப்பு என்கிறார்களே, வீட்டில் அம்மாவுக்கு ஒத்துக்கொள்கிறதா?

என் வீட்டுக்காரர் தவசி இறந்ததும் அவர் வேலையை எனக்கே வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த நன்றியை மறக்கமாட்டேன். தினமும் வால்வு திறப்பதைப் பச்சை அட்டை நோட்டில் எழுத வேண்டும், புதுக் குழாய் பதிக்கும் வேலையைச் சிவப்பு அட்டை நோட்டில் எழுத வேண்டும், இரண்டும் கலக்கக்கூடாது என்று நீங்கள் போட்ட சட்டம் இன்னும் நடக்கிறது.

ஆனால் பச்சை நோட்டில் நான் ஓர் எழுத்தும் எழுதியதில்லை அய்யா. விடிந்து நான் போகும்போதே தெருக்குழாய்களில் தண்ணீர் ஓடுகிறது. வாட்ச்மேன் சங்கிலியைக் கேட்டால், நீ வாரதுக்கு முன்னாடியே தொறந்து கெடக்கே அக்கா என்கிறான். தொட்டி அறைச் சாவியோ என் இடுப்பில் இருக்கிறது. உள்ளே நோட்டு விரித்திருக்கும், அன்றைய தேதி போட்டு அவர் கையெழுத்தில். "வால்வு தொறந்தாச்சு. தவசி." அந்தத் "தொறந்தாச்சு"வை எத்தனை தடவை திருத்தினீர்கள், மனுஷன் கேட்டாரா?

யோசித்துப் பார்த்தேன். குழாய்ப் பள்ளத்தில் மண் சரிந்த அன்று சிவப்பு நோட்டில் அவர் பெயரை அடித்து, "பணி முடிந்தது" என்று கையெழுத்துப் போட்டீர்கள். பச்சை நோட்டில் யாரும் அடிக்கவில்லை. மேலதிகாரி சொல்லாமல் வேலையை விடுகிற ஆளா அவர்? வால்வு திறக்கிற ஆளை அன்று பள்ளத்தில் ஏன் இறக்கினீர்கள் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பயந்துபோய்த்தான் போன கடிதத்தில், உடனே வந்து அந்தப் பெயரையும் அடித்துவிடுங்கள் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை வருவதாகப் பதில் போட்டிருக்கிறீர்கள். வர வேண்டாம் அய்யா.

வால்வைத் திருகும் இரும்புக் கம்பி தண்ணீர் பட்டு எப்போதும் சில்லென்று கிடக்கும். இப்போது காலையில் தொட்டால் கைப்பிடி மட்டும் சூடாக இருக்கிறது. அது ஆறும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிறகுதான் வீட்டுக்கு வருகிறேன்.

ஆடி போகட்டும், ஆவணியும் போகட்டும். அவராக நிறுத்தினால் நானே எழுதுகிறேன். அதுவரை பச்சை நோட்டில் பேனா வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள்.

இப்படிக்கு,
தவசி சம்சாரம்
சின்னத்தாய்