நம்பகமான இடம்

பிப்ரவரி 4, புதன்

படியேறும்போது அப்பா மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று, ஷூ கயிற்றைக் கட்டுகிறவர் போலக் குனிந்தார். காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

நான் பார்க்காத மாதிரி மேலே போய்க் கதவைத் திறந்தேன். பின்னாலேயே வந்து, "இந்தப் படிக்கட்டு வருஷா வருஷம் வளருது போல" என்றார். நாளெல்லாம் அடுத்தவர் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்கிறவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நாங்கள் இருப்பது நான்காவது மாடி.

பிப்ரவரி 8, ஞாயிறு

படிக்கட்டு விஷயத்தை அப்பாவே ஆரம்பித்தார். அவர் வேலைக்குப் போகும் கட்டடம் ஒன்றில் ஒன்பதாம் மாடிக்காரர் என்று ஒருவர் இருக்கிறாராம். எழுபது வயது. லிஃப்டை நிறுத்தி வேலை பார்த்தால் ஒன்பது மாடியும் ஏறிப் போய், மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மெக்கானிக், இன்னும் முடியலையா?" என்று கேலி செய்வாராம். மூச்சு வாங்குவதே இல்லையாம்.

"ஏதோ மாத்திரை போடுறாரு பாப்பா. கிட்னி மாத்துனவங்களுக்குக் குடுக்குறதாம். வாரத்துக்கு ஒண்ணு போட்டா வயசு மெதுவா ஆகுமாம்."

சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"உனக்குப் பதினேழு. எனக்கு அறுபதாகப் போகுது. பால்காரர் மணி அடிச்சாக்கூட என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற. உங்கம்மாவும் இல்ல. நான் போயிட்டா உனக்காக யாரு பேசுவா?"

எனக்காக யாரும் பேச வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. அதைச் சொல்லவும் வாய் வேண்டுமே.

ஒன்பதாம் மாடிக்காரருக்கு அவர் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறான். நமக்கு அப்படி யாரும் கிடையாது. "நீதான் ஃபோன்ல எல்லாம் தேடுவியே. எங்க நல்லதா, மலிவாக் கிடைக்குதுன்னு பாரு" என்றார். அப்பா என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து பெரிய மருந்துக் கடைக்குப் போனேன். மாத்திரையின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். மருந்தாளுநர் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா? ஆபரேஷன் எப்ப ஆச்சு? டாக்டர் சீட்டு எங்க?" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள். முகம் எரிந்தது. அவர் எடுத்து வைத்த பெட்டியின் விலையைப் பார்த்தேன். அப்பாவின் சம்பளத்தில் பாதி.

"இது சும்மா போடுற மாத்திரை இல்லம்மா. இப்படி உக்காரு, விவரம் சொல்றேன்" என்று ஸ்டூலைக் கூட நகர்த்திப் போட்டார்.

நான் ஒரு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

அப்பாவிடம் "அங்கே விலை அதிகம்" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 21, சனி

கிடைத்துவிட்டது! கடை இல்லை, ஒரு குழு. பெயர் 'நூறைத் தாண்டு'. எல்லாம் எழுத்துதான், யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. எங்கே மலிவு, எது போலி, யார் பணத்தைச் சுருட்டினார்கள் என்று நூற்றுக்கணக்கான பேர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். குழுவை நடத்துகிறவர் தனக்கு 'ஆமை' என்று பெயர் வைத்திருக்கிறார். நிறைய நாள் வாழுமே, அதனால்.

நான் கண்ணாடிக் கடையின் பின் அறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அதனால் 'லென்ஸ்' என்று வைத்துக்கொண்டேன். உடனே ஒருவர் "வாங்க லென்ஸ் அண்ணா" என்றார். அண்ணா! திருத்தவில்லை. அண்ணாவாக இருப்பது வசதியாக இருந்தது. ஒரே நாளில் ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். பள்ளியில் பத்து வருடத்தில் அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பார்சல் வந்தது. குழுவில் அதிகம் பேர் நம்பும் விற்பனையாளரிடமிருந்துதான். கடை விலையில் கால்வாசி.

மாத்திரை அட்டையைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பின் அறையில் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். எழுத்து எங்கும் கசியவில்லை. பேட்ச் நம்பர் சரியாகப் பொறித்திருந்தது. கம்பெனி வெளியிட்ட படத்தோடு ஒப்பிட்டால் ஓரத்து வளைவு கூட ஒன்று. லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண் இது. இதற்கும் உதவியது.

கவுன்ட்டர் அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி ஊமைக்கோட்டான், கண்ணாடிக்குக் கண்ணாடி போடுறியா?" என்றாள். அவள் பேசுவதில் பாதியை நான் பேசினாலே அப்பா நிம்மதியாகத் தூங்குவார்.

மார்ச் 14, சனி

நல்ல மாத்திரைதான்! குழுவில் சொல்லும் முறை இது: மாத்திரை போட்ட மறுநாள் ரத்தம் கொடுத்து, மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். போலியானால் ஒன்றுமே காட்டாது. ஒன்பதாம் மாடிக்காரர் தன் டாக்டரிடம் சொல்லி அப்பாவுக்கும் அந்தச் சோதனைக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கித் தந்தார். இன்று முடிவு வந்தது. இருக்க வேண்டிய அளவு இருக்கிறது.

அப்பா அந்தத் தாளைப் பரீட்சை மார்க் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பொண்ணு கண்டுபிடிச்சது" என்று ஒன்பதாம் மாடிக்காரரிடம் ஃபோனில் சொன்னது அடுப்படி வரை கேட்டது.

முடிவைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, கீழே எழுதினேன்: 'நம்பகமான இடம். நானே சோதித்தேன். தைரியமாக வாங்கலாம்.' சாப்பிட்டு முடிப்பதற்குள் எத்தனை நன்றி! ஆமை என் பதிவை எல்லாருக்கும் மேலே தெரிகிற மாதிரி ஒட்டி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கால்வாசி விலையும் கையைக் கடிக்கிறது. குழுவில் ஒரு வழி சொன்னார்கள். பம்பளிமாஸ் பழச் சாற்றோடு விழுங்கினால் மருந்து உடம்பில் பல மடங்கு தங்குமாம். பாதி மாத்திரை போதுமாம். எத்தனை மடங்கு என்று கேட்டேன். "ஆளுக்கு ஆள் மாறும் அண்ணா" என்றார்கள்.

அப்பாவுக்குப் பல மடங்கு என்றதில் சந்தோஷம். ஆனால் பாதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "முழுசாவே போடுறேன். கூடக் கொஞ்சம் வயசு குறையட்டும், உனக்குத் தம்பி மாதிரி ஆயிடுறேன்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் பிழிந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அப்பாவுக்கு வாயெல்லாம் புண். மோரைக் கூட முகம் சுளித்துத்தான் குடிக்கிறார். பயந்துபோய்க் குழுவில் எழுதினேன்.

"வாழ்த்துகள் லென்ஸ் அண்ணா! அசல் மாத்திரைன்னா அப்படித்தான்" என்றார் ஒருவர். "போலி போட்டவனுக்குப் புண் வராது" என்றார் ஆமை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வலியோடு சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மே 6, புதன்

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது தண்டவாளக் கம்பி அப்பாவின் முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. விரல் நீளம். "இது ஒரு காயமா?" என்று துணியால் துடைத்துக்கொண்டார்.

மே 10, ஞாயிறு

காயம் காயவில்லை. சுற்றிலும் சிவந்து பளபளக்கிறது. தொட்டால் சூடு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

இன்று மாத்திரை நாள். பிழிந்து கொடுத்தேன்.

மே 11, திங்கள்

கடைக்கு ஃபோன் வந்தது. அப்பா வேலையிடத்திலேயே நடுங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாராம். கவுன்ட்டர் அக்காதான் என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட வந்தாள். அங்கிருந்து அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால் முட்டி வரை வீங்கி, நிறம் மாறியிருந்தது.

டாக்டரம்மா கேட்டார், "சர்க்கரை இருக்கா? வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறாரா?"

அப்பா போர்வைக்குள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். சொன்னால் சீட்டு வாங்கித் தந்தவரும் மாட்டிக்கொள்வார், மருந்தையும் நிறுத்திவிடுவார்கள் என்று வரும்போதே என் காதில் சொல்லியிருந்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கூட நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

மே 12, செவ்வாய்

ஊசி மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஊசிக்கு ஏன் கேட்கவில்லை இந்தக் கால் என்று டாக்டரம்மா நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்த மாத்திரைதானோ என்று எனக்குத் தோன்றியது. வாய் வரவில்லை.

மே 13, புதன்

சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா பயிற்சி டாக்டர்கள் நாலைந்து பேரோடு கட்டில் கட்டிலாக வந்தார். எங்களைத் தாண்டிப் போகும்போது கூப்பிட நினைத்தேன். சத்தம் வரவில்லை. ஓடிப்போய் அவர் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"அப்பா ஒரு மாத்திரை போடுறாரு."

பெயரைச் சொன்னேன். பயிற்சி டாக்டர் ஒருவர் "கிட்னி மாத்துனவரா?" என்றார். இல்லை, வயசு ஆகாம இருக்க என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பழச்சாறையும் சொன்னேன்.

"யாரு பிழிஞ்சு குடுத்தது?"

"நான்தான்."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். அது உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கிற மருந்து, அது இருக்கும்வரை புண் ஆறாது, கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி என்றார்.

"போலியா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். போலியாக இருக்க வேண்டும் என்று அந்த நிமிடம் எப்படி வேண்டிக்கொண்டேன்!

ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. அசல்தான். இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு.

போலியா இருந்திருக்கக் கூடாதா? வெறும் மாவா, சுண்ணாம்பா இருந்திருக்கக் கூடாதா? எவனாவது ஏமாத்தியிருக்கக் கூடாதா என்னை? எதுக்குடி அப்படித் தேடித் தேடி நல்லதா வாங்குன —

மே 14, வியாழன்

முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட எனக்கு வயதில்லை. கவுன்ட்டர் அக்கா போடப் போனாள், உறவா என்று கேட்டார்கள். கடைசியில் காய்ச்சலோடு அப்பாவே போட்டார்.

மே 17, ஞாயிறு

வராந்தாவில் டாக்டரம்மாவிடம் நானே போய்க் கேட்டேன், முதல் நாளே சொல்லியிருந்தால் கால் தப்பித்திருக்குமா என்று.

"எனக்குத் தெரியாதும்மா. அதனால உனக்கும் தெரியாது. அதோட விடு."

விட முடியவில்லை. அந்த மருந்தாளுநர் ஸ்டூலை நகர்த்திப் போட்டாரே, அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடம். நாலு பேர் பார்த்திருப்பார்கள். அவ்வளவுதானே!

மே 24, ஞாயிறு

அப்பா இன்றுதான் என்னோடு சரியாகப் பேசினார்.

"பதினேழு வருஷமா வாயத் தொறக்காதவ, தொறந்ததே என்னைக் காட்டிக் குடுக்கத்தானா?"

கேலியா, கோபமா என்று தெரியவில்லை. கஞ்சியை ஊட்டினேன். குடித்தார். பிறகு சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, "நல்லா சத்தமாத்தான் சொன்ன. எனக்கே கேட்டுச்சு" என்றார்.

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஜூன் 20, சனி

தரைத்தள வீட்டுக்கு மாறிவிட்டோம். ஒரே அறை. ஜன்னல் தெருவைப் பார்த்து இருப்பதால் அப்பாவுக்குப் பொழுது போகிறது.

நடந்தது முழுவதையும் குழுவில் எழுதினேன். கால், பழச்சாறு, வாய்ப்புண் எல்லாம். ஒரு மணி நேரம் கூட இருக்கவில்லை. ஆமை நீக்கிவிட்டார். 'ஒருவர் அனுபவத்தை வைத்துப் பீதி கிளப்ப வேண்டாம். லென்ஸ் அண்ணா அளவு மீறியது அவர் தவறு' என்று ஒரு வரி.

அளவு மீறியது என் தவறுதான். ஆனால் மேலே ஒட்டி வைத்த என் பழைய பதிவு அப்படியே இருக்கிறது. ஒட்டியதை அவர்தான் எடுக்க முடியும். கேட்டேன். பதில் இல்லை. 'தைரியமாக வாங்கலாம்.' என் எழுத்து. அதன் கீழே நேற்றும் இரண்டு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 2, வியாழன்

அப்பாவின் கம்பெனியிலிருந்து கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவர் ஸ்பானர் பெட்டியைத் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

ஜூலை 16, வியாழன்

அப்பாவின் ஊன்றுகோலுக்கு ரப்பர் முனை மாற்ற வேண்டும். தேய்ந்து வழுக்குகிறது. நாளை வாங்க வேண்டும்.

மத்தியானம் பின் அறையில் இருந்தபோது ஒரு தனிச் செய்தி வந்தது. "லென்ஸ் அண்ணா, அம்மாவுக்காகக் கேக்குறேன். நீங்க சொன்ன இடத்த நம்பலாமா?"

நம்பலாம். அதுதான் உண்மை. மலிவு, அசல், சொன்ன தேதிக்கு வந்து சேரும். மூன்று முறை பதில் எழுதி அழித்தேன். எப்படி எழுதினாலும் ஆமை எழுதுவது போலவே இருந்தது. படித்துவிட்டு நன்றி அண்ணா என்று சொல்லிவிட்டு வாங்கிவிடுவார்கள்.

இயந்திரத்தை நிறுத்தினேன். அவர்களுடைய ஃபோன் நம்பரைக் கேட்டேன். உடனே அனுப்பினார்கள்.

கவுன்ட்டர் அக்கா வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவில்லை. அழைத்தேன்.