வலது ஓரத்தில் நின்ற ஓட்டம்

அன்பு கிரசியேலா,

பெர்த்தில் வெயில் அதிகம். நீங்கள் இருவரும் வரும்போது நம் மகள் மஃபால்டாவுக்கென்று ஜன்னலோர அறையை ஒதுக்கிவைத்திருந்தேன். நம் போர்ச்சுகல் மத்தி மீன் டப்பாகூட இங்கே கிடைக்கிறது.

நேற்று போனில், "ஏன் இந்த வாரம் ஆடலை?" என்று கேட்டாய். கோச் ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அது பொய். போன வாரம் சனிக்கிழமை ஆட்டத்தில் வழக்கம்போல விங்கராக வலது ஓரமாகப் பந்தை உதைத்தபடி ஓடியபோது நெஞ்சு படபடத்துக் கண் இருட்டியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன தாத்தா, முப்பத்தஞ்சு வயசுல விங்கருக்கு மூச்சு வாங்குதா?" என்று சிரித்துக்கொண்டே வந்த எங்கள் கோல்கீப்பர் டூகல், என் முகத்தைப் பார்த்ததும் டாக்டரைக் கத்திக் கூப்பிட்டான்.

இன்று காலை ஸ்கேன் முடிவு வந்தது. "இதயத் தசை தடிச்சிருக்கு. மருந்து சாப்பிட்டா நல்லா இருக்கலாம். ஆனா இனிமே ஓடவே கூடாது" என்றார் டாக்டர். நான் மறுபடியும் கேட்டேன். அவரும் மறுபடி அதையே சொன்னார்.

இங்கே வருவதற்காக வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, கொடுக்காதே. போலந்து, சைப்ரஸ், கத்தார் என்று மூன்று முறை எனக்காக வேலையை விட்டாய். இந்த முறை நான் வருகிறேன், செதூபலுக்கு, நம் வீட்டுக்கு.

எனக்கு இப்போது ஒரே பயம்தான். விமான நிலையத்தில் மஃபால்டா என் கையைப் பிடித்து, "அப்பா, கார் வரைக்கும் யாரு முதல்ல?" என்பாள். அவளிடம் என்ன சொல்வது?

உன்னுடையவன்