நூறு யென்னுக்கு ஐந்து ரூபாய் முப்பது பைசா

தென்காசி
4-8-85

ஜெபா,

இல்லை, மெட்ராஸ் வேண்டாமென்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மறுபடி ஆராய்ச்சிக்கு விண்ணப்பி என்கிறாய். மதுரையில் உன்னோடு எம்.ஏ. படித்தவள் இப்போது இலஞ்சி சாலையில், சுக்கு எண்ணெய் எடுக்கும் ஆலையில் கடிதம் தட்டச்சு செய்கிறாள். அப்பா ஆலையை எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி எழுதிவிட்டுப் போனார். என் கையெழுத்தில்லாமல் அண்ணனால் எதுவும் செய்ய முடியாது. என்னாலும் நகர முடியாது.

இப்போது ஜப்பானிலிருந்து புது இயந்திரம். உன் வங்கி வழியாக நான்கு கோடி யென் கடன். ரூபாயில் இருபது லட்சத்துச் சொச்சம். ஆலையோடு என் ஆய்க்குடி வயலும் அடமானம். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "ஏட்டி, இங்கன பதினாறரை வட்டி. ஜப்பான்காரன் ஏழுக்குத் தாரான். கிறுக்கன்லா அவன்!"

எண்ணெய்க்கு வருவது டாலர். கட்ட வேண்டியது யென். கேட்டால், "எல்லாம் வெளிநாட்டுக் காசுதானேட்டி" என்கிறார். நீ அந்நியச் செலாவணிப் பிரிவில்தானே இருக்கிறாய். பயப்பட வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

சாரல் விடவில்லை. தாள் நமத்து, எழுத்து ஊறுகிறது.

குழல்வாய்மொழி


சென்னை
13-8-85

அன்புள்ள குழல்,

பயப்பட வேண்டும்.

இன்று நூறு யென் ஐந்து ரூபாய் பதினைந்து பைசா. ஆறு மாதம் கழித்து என்ன விலையென்று யாருக்கும் தெரியாது. ஆனால் இன்றே வங்கியோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அன்று சந்தையில் எது விலையானாலும் வங்கி உங்களுக்கு ஐந்து முப்பதுக்குத் தரும். நீங்களும் அந்த விலைக்கு வாங்கியே ஆக வேண்டும். யென் இறங்கினால் அந்த லாபம் உங்களுக்கில்லை. ஏறினால் நஷ்டமும் இல்லை. கூடுதல் பதினைந்து பைசா, தெரியாததைத் தெரிந்துகொள்வதற்கான கூலி. இதை முன்பேர ஒப்பந்தம் என்போம்.

வட்டியும் நிலையானதில்லை, லண்டன் வங்கிகளின் வட்டி விகிதத்தோடு மாறும். பெரிய கம்பெனிகள் தங்கள் மாறும் வட்டியை இன்னொருவருடைய மாறாத வட்டியோடு மாற்றிக்கொள்கின்றன. உங்கள் அளவுக்கு அது கிட்டாது. யென் விலையையாவது ஒப்பந்தத்தில் கட்டிவை.

ஒன்று மட்டும். ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். யென் ஏறியிருந்தால் அப்போது ஒரு தொகை கைக்கு வரும். லாபம் போலத் தெரியும். லாபமில்லை. அதே அளவுக்குக் கடன் வீங்கியிருக்கும். அந்தப் பணம் கடனுடையது. தொடாதே.

கர்த்தர் உன்னைக் காப்பாராக என்று அம்மா கடிதத்தை முடிப்பாள். எனக்கும் வேறு முடிவு தெரியவில்லை.

ஜெபமலர்


தென்காசி
6-9-85

ஜெபா,

பதிந்தாயிற்று. நான்கு கோடிக்கும், ஐந்து முப்பதில்.

அண்ணன் கணக்குப்பிள்ளை இசக்கியப்பனிடம் புலம்பினார். "அறுவதாயிரம் ரூவாயக் கொண்டு அருவியில போட்டுட்டு வந்திருக்கா."

"அருவியில போட்டாலும் நாலு பேரு குளிச்சிட்டாவது போவான், மொதலாளி."

நானும் சிரித்துவிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு.

குழல்


சென்னை
20-1-86

அன்புள்ள குழல்,

யென் ஆறு ரூபாயைத் தாண்டிவிட்டது. செப்டம்பரில் ஐந்து நாட்டு நிதி மந்திரிகள் கூடிப் பேசியதிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒப்பந்தம் போடாதவர்கள் எங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீ தப்பித்தாய்.

பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். புரசைவாக்கத்தில் என் அறையில் இரண்டாவது கட்டில் போட இடமுண்டு. பணம்தான் தடையென்றால் எப்படியாவது புரட்டு. இந்த வருஷம் இல்லையென்றால் நீ வரவே மாட்டாய், எனக்குத் தெரியும். எப்படியாவது.

ஜெபா


தென்காசி
10-2-86

ஜெபா,

வருகிறேன். ஜூனில். பணம் கிடைத்துவிட்டது, எப்படியென்று நேரில் சொல்கிறேன். வட்டி அரை சதவீதம் குறைந்ததென்று அண்ணன் ஆலை முழுவதற்கும் லட்டு கொடுத்தார்.

கட்டிலை ஜன்னல் பக்கம் போடு.

குழல்


சென்னை
18-9-86

குழல்,

ஜூன் போய்விட்டது. மூன்று கடிதம் எழுதினேன். உன் கட்டிலில் என் துணிகள் கிடக்கின்றன.

இன்று உங்கள் ஆலையின் கோப்பு என் மேசைக்கு வந்தது. பிப்ரவரி 3, முன்பேர ஒப்பந்தம் ரத்து. நான்கு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் பெற்றுக்கொள்ளப்பட்டது. மறுபடி பதியவில்லை. யென் இன்று எட்டு ரூபாய்.

இரண்டு கையெழுத்தில் ஒன்று உன்னுடையது போலிருக்கிறது. அண்ணாச்சி உன்னை ஏமாற்றினாரா? அப்படியென்றால் எழுது. ஏதாவது செய்யலாம்.

ஜெபா


தென்காசி
2-10-86

ஜெபா,

என்னுடையதுதான். யாரும் ஏமாற்றவில்லை.

அன்று அண்ணன் காகிதத்தை நீட்டிச் சொன்னார். "ஆளுக்கு ரெண்டு லச்சத்து முப்பதாயிரம் வருது. உன் பங்க வாங்கிட்டு மெட்ராசுக்குப் போ, பிள்ள. உன்னை எத்தனை நாளு இங்கன கட்டி வைக்கதுக்கு?"

போ என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. உன் கடிதம் என் மேசை மேல் இருந்தது. எப்படியாவது என்று இரண்டு முறை எழுதியிருந்தாய். அது கடனுடைய பணமென்று தெரிந்தே கையெழுத்திட்டேன். யென் கொஞ்சம் இறங்கும், மறுபடி பதிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எம்.ஏ. படித்தவள்.

மறுபடி பதியலாமா என்று ஏப்ரலில் அண்ணனிடம் கேட்டேன். "இப்பம் விலை கூடிட்டுல்லா. இறங்கட்டும்."

இறங்கவில்லை. மே மாதம் முதல் தவணை. என் பங்கு முழுவதும் அதில் போயிற்று. அப்போதும் போதவில்லை.

உன் மேல் எனக்குக் குறையில்லை என்று எழுதிப் பார்த்தேன். அது உண்மையா என்று தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

குழல்


பதிவுத் தபால்
சென்னை
9-2-88

திருவாளர்கள் சு. பால்வண்ணநாதன், சு. குழல்வாய்மொழி, கூட்டாளிகள்

தங்கள் யென் கடனில் இரண்டு தவணைகள் மட்டுமே செலுத்தப்பட்டுள்ளன. நிலுவை அசல் மூன்று கோடி யென். இன்றைய விலையில் ரூபாய் முப்பது லட்சத்து அறுபதாயிரம். பதினைந்து நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் ஆலையும் ஆய்க்குடி நிலமும் உள்ளிட்ட அடமானச் சொத்துகள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

ஜெபமலர்
அதிகாரி


குழல்,

இந்தத் துண்டைக் குண்டூசியால் குத்தி வைக்கிறேன். நோட்டீஸில் வேறொருவரைக் கையெழுத்திட விட மனம் வரவில்லை. கட்டிலைக் காலி செய்துவிட்டேன். கையில் ஒன்றுமில்லாமல் வா. பணம் வேண்டாம்.

ஜெபா


தென்காசி
26-2-88

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

9-2-88 தேதியிட்ட தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. அதில் கண்ட தொகை சரியே. எங்களால் செலுத்த இயலாது. தமையனார் உடல்நலமின்றி இருப்பதால் நான் எழுதுகிறேன்.

ஆலையின் மூன்று சாவிகளையும் இன்று காலை தங்கள் தென்காசிக் கிளையில் கொடுத்து ரசீது பெற்றேன். நோட்டீஸோடு குத்தியிருந்த ஒரு துண்டுத் தாள் வங்கியின் கோப்பைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அதைக் கழற்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சு. குழல்வாய்மொழி
கூட்டாளி