ரோலர் ஏறிய மனை

மார்ச் 4

இன்று நான் உள்ளே நுழைந்ததும் நகராட்சி அலுவலகமே எழுந்து நின்றது. உட்கார அங்கே நாற்காலியே இல்லை என்கிறார் அக்கா மகளைக் கட்டிய மாப்பிள்ளை. அவருக்கு என் மேல் எப்போதுமே ஒரு பொறாமை.

அக்கா மகள் நகையை விற்று ஓடைச் சரிவில் வாங்கிய மனைக்கு வீட்டுப் படம் கொடுக்கப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படத்தைப் பிரிக்கவே இல்லை. "சரிவு நிலம்ங்க. நிலவியல் அறிக்கை இல்லாம தொடமாட்டோம்" என்றார். நாங்கள் ஒரு நிலவியல்காரரை வைத்துக் குழி தோண்டி, மண் எப்படி என்று எழுதி வாங்க வேண்டுமாம். அதை நகராட்சியின் நிலவியல் மேடம் படித்து, நேரில் வந்து அதே குழிக்குள் இறங்கிப் பார்ப்பாராம். அதற்கப்புறம்தான் அனுமதி.

"முப்பது வருஷம் ரோடு ரோலர் ஓட்டினவன் சொல்றேன், அது இரும்பு மாதிரி மண்ணு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதைதான்.

படத்தில் ஓடைப் பக்கம் எனக்கு ஓர் அறை, ஜன்னலோடு. இப்போது வாடகை வீட்டில் சமையலறையில்தான் என் படுக்கை. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் வரவேண்டும். "மொதல்ல மாமா ரூம், அப்புறம் மத்தது" என்று அக்கா மகள் மாப்பிள்ளையிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

மார்ச் 11

நிலவியல்காரர் வந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. மனுஷர்களைவிட மண்ணோடுதான் அதிகம் பேசுகிறார். பொக்லைன் வைத்து மனை நடுவில் ஆள் உயரத்துக்குமேல் குழி போட்டோம். அடியில் இறங்கி, ஒரு கிள்ளு மண்ணை வாயில் போட்டு மென்றார். நறநற என்றால் ஒரு வகை, வழவழ என்றால் வேறு வகையாம். நானும் ஒரு கிள்ளு போட்டுக்கொண்டேன்.

"எப்படி இருக்கு ஐயா?"

"உப்பு கம்மி தம்பி" என்றேன்.

மண் உறுதியாக இருப்பதாகத்தான் தெரிகிறது என்றார். தெருவில் நான் பாறை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவருக்கு நேரம் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

மேடம் பார்க்கும்வரை குழி திறந்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லத்தான் செய்வார்கள். நாளைக்கு ஆடு விழுந்தால் யார் பதில் சொல்வது?

மார்ச் 16

நாளை மறுநாள் மேடம் வருகிறார். மனை கிடக்கிற கிடையைப் பார்த்தால் யாருக்கு அனுமதி கொடுக்கத் தோன்றும்?

மார்ச் 17

சாதித்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்தவனிடம் சொல்லி ஒரு பழைய ரோலரை வரவழைத்தேன். குழியை மூடி, தண்ணீர் தெளித்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். இப்போது அதில் கோலிகுண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது - எங்கள் தெருத் தையல்காரரும் அவர் நாயும்.

வீட்டில் இன்னும் மூச்சு விடவில்லை. நாளைக்குப் பார்த்து அசந்து போகட்டும்.

மார்ச் 18

மேடம் குள்ளமான அம்மா. முழங்கால்வரை பூட்ஸ். வந்ததும் கேட்டார், "குழி எங்க?"

"ஒரு வடு தெரியாம மூடிட்டேன் மேடம். இனி நீங்களே தேடினாலும் கிடைக்காது."

நிலவியல்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

மேடம் கோபப்படவில்லை. "காகிதத்தைப் பாத்துக் கையெழுத்து போடறவ இல்ல ஐயா நான். இவர் பாத்ததை நானும் என் கண்ணால பாக்கணும். மறுபடி தோண்டுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாமா."

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 21

மறுபடி பொக்லைன். குழி இருந்த இடம் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை, நிலவியல்காரர் அடையாளத்துக்கு அடித்துவைத்த முளைக்குச்சிகளும் ரோலருக்கு அடியில் போய்விட்டன. நான்தான் தைரியமாகக் கை காட்டினேன். தோண்டத் தோண்ட, இதுவரை கை படாத மண். நான் காட்டியது நடுவிலிருந்து ஓடைப் பக்கம் தள்ளி, என் அறை வரவேண்டிய இடம்.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மேடம் கையைத் தூக்கினார். "இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் போங்க."

அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய களிமண் படலம், சோப்பு மாதிரி. மேடம் இறங்கி அதைப் பெயர்த்துக் காட்டினார். சீப்பால் வாரியது போல் கோடு கோடாக இருந்தது.

"பழைய மண்சரிவு. இதுக்கு மேல இருக்கற மண்ணு எப்பவோ ஓடையைப் பாத்து நகர்ந்திருக்கு. பெருமழை வந்தா திரும்ப நகரும்."

நிலவியல்காரர் குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு குழியோட நிறுத்திட்டேன். இங்கயும் ஒண்ணு போட்டிருக்கணும்." பாவமாக இருந்தது. "விடுங்க தம்பி, நான் இது மேலயே ரோலர் ஓட்டியிருக்கேன்" என்றேன்.

"அப்ப வீடு?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"ஓடைப் பக்கம் முடியாதும்மா. ரோட்டுப் பக்கம் எவ்வளவு தேறும்னு இன்னும் குழி போட்டுத்தான் சொல்லணும்" என்றார் மேடம்.

மார்ச் 22

நகராட்சிக்கே தெரியாத மண்சரிவைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று தையல்காரரிடம் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார். பாதியோடு வைத்துவிட்டேன். அக்கா மகள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 9

ரோட்டுப் பக்கம் நல்ல மண். ஆனால் சரிவின் ஓரத்திலிருந்து தள்ளிக் கட்டவேண்டும் என்பதால் வீடு சுருங்கிவிட்டது. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஓர் அறை. அக்கா மகள் அழித்து அழித்து வரைந்தாள். மாற்றி எப்படிப் போட்டாலும் இன்னோர் அறை வரவில்லை.

"எனக்கெதுக்கு ரூமு? ரோலர் மேலயே தூங்கினவன் நான்" என்றேன். ஒரு தடவை தூங்கியிருக்கிறேன்.

நகராட்சிக்குப் போனபோது மேடத்திடம் நானே ஒரு யோசனை சொன்னேன். ஓடைப் பக்கம் வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை, அதிலேயே எனக்கு ஒரு கட்டில்.

"வண்டி நிறுத்திக்கங்க. நீங்க படுக்கக் கூடாது."

"வயசான உடம்பு மேடம், எடையே கிடையாது."

"எடை கணக்கில்ல ஐயா. மனுஷன் தூங்கற இடம் எதுவா இருந்தாலும் எனக்கு அது வீடுதான். அங்க வீடு கூடாது."

அக்கா மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 2

அனுமதி வந்துவிட்டது. நிபந்தனைகளில் ஒன்று: ஓடைப் பக்கக் கொட்டகையில் யாரும் தங்கவோ உறங்கவோ கூடாது. என் ஒருத்தனுக்காக நகராட்சி தனியாகச் சட்டம் போட்டிருக்கிறது என்று தையல்காரரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

முத்திரை குத்திய படத்தை ராத்திரி பிரித்தேன். ஹாலில் ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில் வரைந்திருந்தது.

"கட்டிலெல்லாமா படத்துல போடுவாங்க?"

"யார் எங்க தூங்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா மாமா" என்றாள்.

கட்டில் கொள்வதற்காக ஹால் சுவரைத் தள்ளியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு அவர்கள் அறை குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் வேலை.

இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.