தனக்கோடி இழுத்த கோடு

1988 பிப்ரவரி 3

"என்ன அசரியா, டாக்டர் ஆயாச்சா?" என்றார் கல்லூரி முதல்வர். எட்டு வருஷமாகக் கேட்கிறார். மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. அப்புறம் கேட்க மாட்டார், அது ஒன்றுதான் ஆறுதல்.

பிப்ரவரி 5

காலையில் இரண்டு இட்லி ஒட்டிக்கொண்டு வந்தன. ஞானசௌந்தரி கரண்டியால் பிரித்தாள். என் ஆய்வும் இதுதான் என்றேன். உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பிய பகுதிக்கு ஓர் எல்லை உண்டு, ஃபெர்மி பரப்பு. உலோகத்தை அழுத்தினால் அந்தப் பரப்பின் கழுத்து மெலிந்து அறுந்து, ஒன்று இரண்டாகும். அங்கே வரைபடத்தில் மின்தடைக் கோடு சட்டென்று முறியும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளினால் முறிவு இன்னும் கூர்மையாகும் என்பது என் கண்டுபிடிப்பு.

சட்னி வேண்டுமா என்று கேட்டாள் என் மனைவி.

பிப்ரவரி 12

ஆய்வேட்டுப் படங்களை மையில் வரைய மேற்குத் தாம்பரம் தனக்கோடியிடம் கொடுத்திருந்தேன். வீட்டுப் பிளான் போடுகிறவர். இன்று வாங்கிப் பார்த்தால் முறிவைக் காணோம். வழவழவென்று ஒரு வளைவு.

"அந்த எடத்துல கோடு ஒடஞ்சி கீது சார். கை ஆடிட்ச்சினு நென்ச்சி நைஸா இழுத்துட்டேன்."

எட்டு வருஷம்யா! கடை வாசலில் நின்று கத்திவிட்டேன். அவர் பிளேடை எடுத்து மையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

பிப்ரவரி 14

புள்ளிகளைச் சரியாகக் குறித்துக் கொடுக்கலாமென்று பழைய கம்ப்யூட்டர் தாள்களைப் பிரித்தேன். தள்ளுவிசைக்கு முன்னால் மைனஸ். பிளஸ் இருக்க வேண்டிய இடம். அப்படியானால் என் எலக்ட்ரான்கள் இத்தனை நாளும் கட்டிப்பிடித்துக்கொண்டா இருந்தன?

மார்ச் 2

திருத்திய கணக்கு வந்தது. முறிவு இல்லை. வழவழவென்று வளைவு.

மார்ச் 3

வழிகாட்டி ஸ்ரீநிவாசராகவன் சார் பழையதிலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. அப்படியே கொடுத்தால் யாருக்குத் தெரியும்? — எனக்குத் தெரியுமே. பயமாக இருக்கிறது. ஞானசௌந்தரியிடம் சொன்னேன்.

"தெரியாம கொடுத்திருந்தா வேற. இப்ப தெரிஞ்சிடுச்சே," என்றாள்.

கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, சாரிடம் போய்ச் சொன்னேன். இருபத்தெட்டு நாள் இருக்கிறது என்றார்.

மார்ச் 7

தனக்கோடி முறிவை, குத்தினால் ரத்தம் வருகிற மாதிரி தீட்டி வைத்திருந்தார். பழையபடி வளைத்துத் தாருங்கள் என்றேன்.

"மொதல்லயே அப்டித்தானே சார் போட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 31

கொடுத்துவிட்டேன். மாலை நாலே காலுக்கு.

நவம்பர் 18

வைவா முடிந்தது. தேறிவிட்டேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் முறிவை எதிர்பார்க்கும் இடத்தில் வளைவுதான் வரும் என்று முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

பிப்ரவரி 12 என்றேன்.

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.