இருபத்தெட்டு கிலோ

செப்டம்பர் 14, சனி

இமயமலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் இருந்த என் பெயரை என்னைக் கேட்காமலே அடித்துவிட்டார்கள். அடித்தவன் நிதின். மதுராந்தகம் ஏரிக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன். எனக்கு அறுபத்தெட்டு வயதாம். டாக்டர் சீட்டு கொடுத்தேனே, அது எதற்கு?

"இன்னா ஏசுபாதம், மலை இன்னா ஏரிக்கரையா? நீ மூச்சு வாங்கிக்கினு குந்திகினா உன்ன யாரு தூக்கினு வர்றது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நெல் மண்டியில் முப்பத்தாறு வருசம் மூட்டை தூக்கினவன் நான். என்னைத் தூக்கினு வரணுமாம்! யாருக்குடா வயசாச்சு?

செப்டம்பர் 15

கரையில் போக வர இரண்டு முறை. முதுகில் பத்து கிலோ அரிசி.

செப்டம்பர் 19

மகள் ஷாரோன் நிதினிடம் போனில் சண்டை போட்டாள். மலையடி ஊர்வரை நான் வரலாமாம். மற்றவர்கள் ஏறி இறங்கும்வரை விடுதியில் இருக்க வேண்டுமாம். "போறியா நைனா?" என்றாள். போகிறேன். விடுதியில் இருப்பதா என்பதை அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 4

மலையடி ஊரான சாங்க்ரிக்கு வந்தோம். இதற்கு மேல் பஸ் இல்லை. நிதின் என் முகத்தைப் பார்க்காமல் விடுதி அறைச் சாவியை நீட்டினான்.

அக்டோபர் 5, முதல் முகாம்

காலையில் பையோடு போய் நின்றேன். சுமை தூக்கும் உள்ளூர்க்காரர்கள் ஐவரில் ஒருவருக்குக் காய்ச்சல். அவர் சுமையையும் மற்ற நால்வர் தலையில் கட்டியிருந்தான் நிதின். ஆளுக்கு இருபது கிலோ என்பது பேச்சு. ஒரு மூட்டையை ஒரு சாண் தூக்கிப் பார்த்தேன்.

"இருபத்தெட்டு."

"உன் கை இன்னா தராசா?" என்றான் நிதின்.

அவர்களின் மூத்தவர் பல்பீருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் தூக்கிய விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போய்த் தொங்குதராசு கொண்டுவந்தார். முள் இருபத்தெட்டில் நின்றது.

மூட்டையைப் பிரித்தேன். நிதினின் ஸ்பீக்கர், ஊறுகாய் ஜாடி, ஒரு டின் முறுக்கு! எடுத்து வெளியே வைத்தேன். நாலு மூட்டையும் இருபதுக்கு இறங்கும்வரை அவரவர் சாமானை அவரவரிடமே கொடுத்தேன். கனமானதெல்லாம் அடியில் கிடந்தது. மண்டி வழக்கப்படி அதைப் பிடரிப் பக்கம் ஏற்றிக் கட்டினேன். பல்பீர் மூட்டையை முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிப் பத்தடி நடந்தார். திரும்பி வந்து என் பையை எடுத்து வரிசையின் முன்னால் வைத்தார். இந்தியில் ஏதோ சொன்னார்.

எங்கள் குழுவில் இந்தி தெரிந்த வரலட்சுமி டீச்சர் சிரித்துவிட்டார். "அண்ணே, நீங்க அவர்கூட முன்னாடி நடக்கணுமாம். இல்லன்னா மூட்டையத் தொட மாட்டாங்களாம்."

நிதின் என்னிடம் அறைச் சாவியைத் திரும்ப வாங்கி, ஸ்பீக்கரையும் ஊறுகாய் ஜாடியையும் உள்ளே வைத்துப் பூட்டினான்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். பல்பீர், அடுத்து நான். எனக்குப் பின்னால் பதினொரு பேர். முறுக்கு டின்னைச் சுமந்துகொண்டு நிதின் கடைசி.

இனி நடக்க வேண்டியவை:

தினமும் காலையில் நாலு மூட்டையையும் தராசில் மாட்ட வேண்டியது நிதின். முள்ளைப் பார்க்க வேண்டியது பல்பீர். கட்டு என் பொறுப்பு. முறுக்கைத் தின்று தீர்க்க வேண்டியது எல்லாரும். நான் ஏறிவிட்டேன் என்று ஏரிக்கரையில் எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டியது ஷாரோன்.

அந்தப் பட்டியலில் என் பெயரை மறுபடி எழுத வேண்டியது, அடித்த அதே கை. பேனா நான் தருகிறேன்.