நாடி சொல்லாதவனுக்கு

இன்று காலை ஆஸ்பத்திரியில் புதிய டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களில் கார்பாலிக் சோப்பின் நெடி. உன் கைகளில் எப்போதும் இருந்த அதே நெடி. கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லுமுன், "பித்தம் ஏறியிருக்கு, சரிதானே?" என்றார். வரிசையில் நின்றவர்கள் மெய்மறந்து தலையாட்டினார்கள். உன்னைப் போலவே பட்டணத்தில் இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர். "இப்படிச் செஞ்சாத்தான் மருந்தைக் குடிக்கிறாங்க" என்று என் காதோடு சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது உன் நாற்காலி.

நாம் ஒரே ரயிலில் பட்டணம் போனோம். நான் தத்துவம் படித்துத் திரும்பினேன், நீ வைத்தியம். ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் உன் முதல் வாரம். பலசரக்குக் கடை அண்ணாச்சி வந்து கையை நீட்டினார். வாய் திறக்கவில்லை.

"என்ன செய்யுது அண்ணாச்சி?" என்றாய்.

"அத நான் சொல்லுததுக்கா ஒம்மகிட்ட வந்தேன்? கையப் புடிச்சு நீரு சொல்லும்வே."

துடிப்பை எண்ணிவிட்டு மறுபடி கேட்டாய். எப்போதிருந்து வலி? என்ன சாப்பிட்டீர்கள்? அவர் எழுந்து துண்டை உதறினார். "நோவு என்னான்னு நோயாளிகிட்டயே கேக்குதாரு. இவருக்கு நாந்தான் வைத்தியம் சொல்லிக் குடுக்கணும் போலிருக்கு!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து உன் பெயர் கேள்வி டாக்டர்.

நானே உன்னிடம் மன்றாடினேன். "ரெண்டு நிமிஷம் கண்ண மூடிக்கோலே. வாதம், பித்தம்னு ஏதாவது சொல்லு. என்ன கொறஞ்சுபோகும்?"

"நாடி படிச்சவரு சொல்லட்டும். எனக்கு அதுல எண்ணிக்கை மட்டுந்தாம்லே தெரியுது. மத்ததச் சொன்னா பொய்."

ஆற்றுக்கு அப்பால் மேலப்பாளையத்தில் நெசவுக்கார வீடு. மைமூனின் மகளுக்கு இரண்டு வாரமாக இறங்காத காய்ச்சல். மைமூன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "பொழைச்சுக்குவாளா?"

"தெரியாதும்மா. காலையிலயும் சாயங்காலமும் வந்து பாக்கேன்."

"தெரியாதவரு எதுக்கு வாரீரு?"

ஆனாலும் போனாய். தினமும் இரண்டு வேளை. பெண் பிழைக்கவில்லை. பிழைப்பாள் என்று மற்ற எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த மழைக்காலம். அதே மைமூன், தோளில் மகனோடு, ஆஸ்பத்திரி வாசலில். நீ கேட்குமுன் அவளே தொடங்கினாள். எப்போது உடம்பு சுட்டது, என்ன குடித்தான், எத்தனை முறை வாந்தி. வரிசையில் ஒருவர் குறுக்கிட்டார்: "ஏளா, கையப் பாத்து அவரு சொல்லட்டுமே."

அவள் திரும்பினாள். "இவரு தெரியலன்னா தெரியலம்பாரு. அப்போ தெரியும்னு சொன்னா நம்பலாம்லா?"

நீ பையனைப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "இது எனக்குத் தெரியும்மா. சரியாயிரும்."

சரியாயிற்று.

ஊர் மாறிவிடவில்லை. அவள் வந்தாள், பிறகு அவள் தெரு வந்தது. அவ்வளவுதான். பின்னால் ஊருக்குள் வந்த காலரா உன்னையே கொண்டுபோயிற்று. "தன் நாடியே பாக்கத் தெரியாதவன்" என்று சுடுகாட்டிலேயே ஒருவர் முணுமுணுத்தார். சொல்லட்டும். கண்ணை மூடிக்கொண்டால் இந்த ஊரில் நம்பிக்கை சுலபமாகக் கிடைக்கும். உனக்கு அது தெரியும். தெரிந்தும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாய். இதைத் தோல்வி என்று சொல்லும் யாரோடும் நான் வாதாடத் தயார்.

ஆனால் ஒன்று. கடைசி நாள் மதியம் என்னைக் கேட்டாய்: "பொழைப்பேனாலே?"

"நாளைக்கு எந்திரிச்சிருவேலே" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். உதடு காய்ந்திருந்தது.

"யாரு சொன்னா?"

ஈரத்துணியால் உன் உதட்டை நனைத்தேன். அந்த ஒரு பொய் என்னிடம் இருக்கிறது. அதற்குத் துணையாக, புதிய டாக்டரின் நாடிக்குத் தலையாட்டி இன்னொன்றைச் சேர்ப்பதாக இல்லை, ஊரே சிரித்தாலும்.